ஒன்றுமே செய்யாத கணினி ஏன் மூச்சு வாங்குகிறது?

கணினியைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. நீங்கள் எந்த மென்பொருளையும் தொடவில்லை. திரையில் ஒரு சாளரம்கூட இல்லை. ஆனாலும் உள்ளே விசிறி இரைகிறது, சுட்டி விட்டுவிட்டு நகர்கிறது, ஒரு கோப்புறையைச் சொடுக்கினால் அது திறப்பதற்குள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிடலாம். நீங்கள் வேலை எதுவும் கொடுக்கவில்லை என்றால், உள்ளே யாரோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

அந்த யாரோ பெரும்பாலும் ஒரு சர்வீஸ். தமிழில் பின்னணிச் சேவை என்கிறோம். நாம் திறக்கும் மென்பொருளுக்குச் சாளரம் இருக்கும், மூலையில் மூடும் பொத்தான் இருக்கும். சர்வீஸுக்கு இரண்டும் கிடையாது. நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டுவதற்கு முன்பே அது ஓடத் தொடங்கியிருக்கும். நீங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். வைஃபையைத் தேடிப் பிடிப்பது, அச்சுக்கு அனுப்பிய கோப்புகளை வரிசையில் நிறுத்துவது, கடிகாரத்தைத் திருத்துவது, ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் இப்படிப்பட்ட சேவைகளின் வேலைதான். 1993இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 தொடங்கி இந்த ஏற்பாடு இருக்கிறது. எல்லாச் சேவைகளையும் எழுப்புவதும் நிறுத்துவதும் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்ற மேற்பார்வையாளரின் பொறுப்பு.

யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் இதற்கு டீமன் என்று பெயர். 1963 வாக்கில் எம்ஐடியில் கணினித் திட்டம் ஒன்றில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் குட்டிப் பூதத்தை நினைத்து வைத்தார்கள். இதைப் 'பேய்' என்று மொழிபெயர்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. 'பூதம்' என்பதே சரி. ஆனால் நம் கதைகளில் வரும் பூதம், வேலை கொடுக்காவிட்டால் எசமானனையே தின்றுவிடுவேன் என்று மிரட்டும். கணினிப் பூதங்கள் நேர்மாறு. வேலை இல்லையென்றால் படுத்துத் தூங்கிவிடும்.

இந்தத் தூக்கத்தைப் புரிந்துகொள்வதுதான் முதல் பாடம். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்தால் ஒரு நீண்ட பட்டியல் வரும். இன்றைய விண்டோஸில் அது இருநூறு வரிகளைச் சாதாரணமாகத் தாண்டும். முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்: இத்தனையும் என் கணினியிலா ஓடுகின்றன? இல்லை. நிலையைக் காட்டும் பத்தியைப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட வரிகளில் அது காலியாகவே இருக்கும். அவை ஓடவே இல்லை. 'ரன்னிங்' என்று காட்டும் மற்றவையும் பெரும்பாலும் ஒரு நிகழ்வுக்காகக் காத்திருக்கின்றன. காத்திருக்கும் நிரலுக்கு இயங்குதளம் சிபியு (கணக்குப் போடும் மையச் செயலி) நேரத்தை ஒதுக்குவதே இல்லை. அது பிடித்துவைத்திருப்பது நினைவகத்தில் சில எம்பி இடம் மட்டும்.

ஆகவே 'வேகம் கூட்ட இந்த ஐம்பது சேவைகளை நிறுத்துங்கள்' என்று வரும் பட்டியல்களைக் கண்டால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன். தூங்குபவர்களை எழுப்பி வெளியே அனுப்புவதால் வேலைக் கூட்டம் குறையாது. தொந்தரவு தருவது ஓடுகிற ஓரிரண்டு சேவைகள். அவையும் ஓடக்கூடாத நேரத்தில் ஓடுவதால்தான் தொந்தரவு. அவற்றைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மெதுவாவது எது?

கணினி மெதுவாகிறது என்றால் நான்கில் ஒன்றுக்கு நெரிசல் ஏற்பட்டிருக்கிறது: சிபியு, நினைவகம், வட்டு, இணைய இணைப்பு. இவற்றில் புதியவர்களை மிகவும் குழப்புவது வட்டு.

எந்த நிரல் எதை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பக்கத்திலேயே வேகம் நொடிக்கு 1.5 எம்பி என்று இருக்கும். நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் படிக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க், ஒன்றரை எம்பிக்கே எப்படி நிரம்பி வழிகிறது? அந்தச் சதவீதம் எவ்வளவு தரவு நகர்ந்தது என்பதைக் காட்டவில்லை. வட்டு எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதைக் காட்டுகிறது. பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது, அதாவது நொடிக்கு 120 முறை. வேண்டிய இடம், தரவைப் படிக்கும் முள்ளின் கீழே வந்துசேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது சுமார் 4 மில்லிநொடி. முள் சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8 அல்லது 9 மில்லிநொடி. ஆக, ஒரு சின்னத் துண்டை எடுக்கவே 12, 13 மில்லிநொடி போய்விடுகிறது. நொடிக்கு எண்பது துண்டுகள்கூடத் தேறாது. ஒரு சேவை ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புரட்டினால், தரவு கொஞ்சமாகத்தான் வரும், முள் மட்டும் அலைந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால் அதுவும் அதே வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான்.

எஸ்எஸ்டி என்ற புதுவகை வட்டில் நகரும் முள் கிடையாது. அது நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துக் கொடுத்துவிடும். ஒரே சேவை ஒரு கணினியைத் திணறடிப்பதும் இன்னொன்றில் இருக்கிற இடமே தெரியாமல் இருப்பதும் இதனால்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இயங்கும் கணினி என்றால், சேவைகளோடு மல்லுக்கட்டுவதைவிட எஸ்எஸ்டிக்கு மாறுவது பத்து மடங்கு பயன் தரும் என்பது என் எண்ணம்.

நினைவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரேம் பாதிக்கு மேல் நிரம்பியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் காலி இடத்தில் முன்கூட்டியே அடுக்கி வைக்கும். வேறு யாராவது கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுக்கும். இடம் உண்மையிலேயே தீர்ந்து, ரேமில் இருப்பதை வட்டுக்கு மாற்றத் தொடங்கும்போதுதான் பிரச்சினை. அப்போதும் நீங்கள் பார்ப்பது வட்டு நெரிசலாகத்தான் தெரியும்.

பிடிக்கும் விதம்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, டிஸ்க் என்ற தலைப்புகளைச் சொடுக்கினால் அதிகம் உழைப்பவர் மேலே வந்து நிற்பார். கணினியைப் போட்ட உடனே பார்க்காதீர்கள். அப்போது எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், அல்லது எந்த நேரத்தில் மந்தம் வருகிறதோ அந்த நேரத்தில் பாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்ற பெயர் 97 சதவீத சிபியுவோடு இருப்பதைப் பார்த்து, இதுதான் வைரஸ் என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். அது வேலையே அல்ல. சிபியு சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. அந்த எண் பெரிதாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும்.

இரண்டாவது, 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயரில் வரிசையாக வரும் பத்து இருபது பதிவுகள். பல சேவைகள் தனி நிரல்களாக இல்லாமல் நூலகக் கோப்புகளாக எழுதப்பட்டவை. தாமாக ஓடாது, ஒரு வாகனம் வேண்டும். அந்த வாகனம்தான் சர்வீஸ் ஹோஸ்ட். விண்டோஸ் 2000 காலத்தில் நினைவகம் விலை உயர்ந்தது என்பதால் ஒரே வாகனத்தில் பல சேவைகளை ஏற்றினார்கள். அதனால் வண்டி தடுமாறினால் பயணிகளில் யார் காரணம் என்று சொல்வது கடினமாக இருந்தது. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருக்கும் கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வண்டி கொடுத்துவிட்டார்கள். பதிவுகள் பெருகிப்போனதற்குக் காரணம் இதுதான்; உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை விரித்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் சேவையின் பெயர் தெரியும். சந்தேகம் இருந்தால் வலச்சொடுக்கில் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். உண்மையான சர்வீஸ் ஹோஸ்ட் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் இருக்கும். உங்கள் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அதே பெயரோடு ஒன்று இருந்தால் அது வேடதாரி.

பெயர் போதவில்லை என்றால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வட்டுப் பக்கத்துக்குப் போக வேண்டும். எந்த நிரல் எந்தக் கோப்பை இந்த நொடி படிக்கிறது என்பதுவரை அது காட்டும். என்னுடைய பழைய மடிக்கணினி ஒன்று தினமும் காலை பதினொரு மணிவாக்கில் இருபது நிமிடம் படுத்துவிடும். சேவைப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துச் சலித்தபின், ஒருநாள் பத்து ஐம்பத்தைந்துக்கே ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். சரியாகப் பதினொன்றுக்கு ஒரு பெயர் மேலே ஏறியது. கீழே கோப்புகளின் வரிசை ஓடியது. எல்லாம் என் புகைப்படங்கள். எப்போதோ வாங்கிய ஸ்கேனருடன் வந்த துணை மென்பொருள், புதிய படம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று வட்டு முழுவதையும் தினமும் துழாவிக்கொண்டிருந்தது. அந்த ஸ்கேனரை நான் வேறொருவருக்குக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வழக்கமாகப் பிடிபடுபவர்கள்

முதலில் நிற்பது விண்டோஸ் சர்ச். கோப்புகளின் உள்ளே இருக்கும் சொற்களுக்கு அட்டவணை போடும் சேவை இது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின்னரோ, பெரிய கோப்புக் குவியலைக் கொண்டுவந்து கொட்டிய பின்னரோ சில மணி நேரம் கடுமையாக உழைக்கும், பிறகு அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அதை நிறுத்த வேண்டாம். தேடல் அமைப்புக்குள் போய், நீங்கள் ஒருபோதும் தேடாத கோப்புறைகளை விலக்கிவிடுங்கள். தேடல் வசதியும் இருக்கும், தொல்லையும் போகும்.

அடுத்தது புதுப்பிப்பு. விண்டோஸ் அப்டேட் தரவிறக்குகிறது. அதன்பின் 'மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்ற பெயரில் ஒருவர் வந்து பொருத்துகிறார். இவர் சிபியுவையும் வட்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வார். இடையில் கணினியை அணைத்தால் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து அல்லது முதலிலிருந்து மறுபடி வருவார். அதனால் முடிக்க விடுவதே மேல். இணையத்தை அது விழுங்குவதுதான் சிக்கல் என்றால், அமைப்புகளில் டெலிவரி ஆப்டிமைசேஷன் பகுதியில் தரவிறக்க வேகத்துக்கு வரம்பு வைக்கலாம்.

'ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்பது விண்டோஸின் வைரஸ் காவலர். குறித்த நேரச் சோதனையில் சராசரியாக 50 சதவீத சிபியுவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது அதன் இயல்பான அமைப்பு. பழைய கணினியில் அந்தப் பாதியே பெரிது. இதை நிறுத்தச் சொல்லும் யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சோதனை நேரத்தை டாஸ்க் ஷெட்யூலரில் நீங்கள் கணினியில் உட்காராத நேரத்துக்குத் தள்ளிவிட்டால் போதும்.

சிஸ்மெயின் பற்றி ஓயாத சர்ச்சை உண்டு. விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்று அழைக்கப்பட்ட அதே சேவை. நீங்கள் வழக்கமாகத் திறப்பவற்றை ஊகித்து ரேமில் எடுத்து வைக்கும். பெரும்பாலான கணினிகளில் நல்லது செய்கிறது. சில ஹார்ட் டிஸ்க் கணினிகளில் ஓயாமல் வட்டைச் சுரண்டுகிறது. ஒரே ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் மறுபடி ஓடவிடுங்கள்.

இந்த நால்வரைவிட அதிகம் பிடிபடுபவர்கள், என் அனுபவத்தில், என் ஸ்கேனர் உதவியாளரைப் போன்ற அயலார்கள்தான். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு புதுப்பிப்பாளரை விட்டுச் செல்கிறது. மென்பொருளே தேவையில்லை என்றால் சேவையை நிறுத்திக்கொண்டிருக்காமல் மென்பொருளையே நீக்கிவிடுங்கள்.

நிறுத்துவதற்கு முன்

சர்வீசஸ் பட்டியலில் ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் 'ஸ்டார்ட்அப் டைப்' என்ற தேர்வு வரும். ஆட்டோமேட்டிக் என்றால் கணினியோடு சேர்ந்து எழும். அதிலேயே 'டிலேய்ட் ஸ்டார்ட்' என்று ஒன்று உண்டு; மற்றவர்கள் எழுந்து சுமார் 2 நிமிடம் கழித்து எழும். தேவைதான், ஆனால் அவசரமில்லை என்ற வகைச் சேவைகளுக்கு இது அருமையான ஏற்பாடு. கணினியைப் போட்ட முதல் சில நிமிடங்களே உங்கள் தலைவலி என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். மேனுவல் என்ற பெயர் ஏமாற்றும்: நீங்கள் கையால் தட்டித்தான் எழுப்ப வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், வேறொரு நிரலோ நிகழ்வோ கேட்டால் அது எழுந்து வரும். டிஸேபிள்ட் என்றால் யார் கேட்டாலும் எழாது.

இந்தக் கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் நான் பட்டது கொஞ்சமல்ல. ஆரம்ப நாட்களில் ஒரு பட்டியலைப் பார்த்து முப்பது சேவைகளை ஒரே மூச்சில் டிஸேபிள் செய்தேன். மறுதொடக்கம் செய்தபின் வைஃபை பட்டியல் காலியாக இருந்தது. 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்பதுதான் வைஃபையைப் பிடித்துத் தரும் சேவை என்று அன்றைக்குத் தெரியாது. எதைத் திருப்பிப் போடுவது என்று இணையத்தில் தேடலாம் என்றால் இணையம் இல்லை. வேகமும் ஒரு நொடிகூடக் கூடவில்லை.

ஆகவே, ஒரு நேரத்தில் ஒரு சேவை. மாற்றுவதற்கு முன் அதன் பெயரையும் பழைய தேர்வையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். கோப்பில் எழுதினால் கணினி எழாதபோது அதைப் படிக்க முடியாது. 'டிபெண்டென்சீஸ்' பக்கத்தைப் பாருங்கள். இதை நம்பி வேறு யார் இருக்கிறார்கள் என்று அங்கே தெரியும். ரிமோட் புரொசீஜர் கால் போன்ற சிலவற்றை நம்பி ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. அவற்றைத் தொட விண்டோஸே அனுமதிக்காது. முதலில் மேனுவலுக்கு மாற்றி இரண்டு மூன்று நாள் பாருங்கள். பிரிண்டரே இல்லாத வீட்டில் பிரிண்ட் ஸ்பூலர் போல, அறவே பயன்படாது என்று உறுதியானதை மட்டும் டிஸேபிள் செய்யலாம். 2021இல் அந்த ஸ்பூலரில் ஒரு மோசமான பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அச்சு தேவைப்படாத கணினிகளில் அதை நிறுத்திவைக்குமாறு நிபுணர்களே சொன்னார்கள்.

டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' கொடுத்தும் சேவை திரும்பி வந்தால் அது பிடிவாதமல்ல. 'ரெகவரி' பக்கத்தில், விழுந்தால் மறுபடி எழுப்பு என்று எழுதிவைத்திருப்பார்கள். மேற்பார்வையாளர் அதன்படி செய்கிறார். இன்னொன்று: விண்டோஸ் 8 முதல் பல கணினிகளில் 'ஷட் டவுன்' முழுமையாக அணைப்பதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியை அப்படியே வட்டில் உறங்கவைத்து, மறுநாள் அதே நிலையில் எழுப்புகிறது. சிக்கிக்கொண்ட ஒரு சேவையைச் சரிசெய்ய அணைத்துப் போட்டால் போதாது. 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும்.

எதையும் பிடிக்க முடியவில்லையா? சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவியில் சர்வீசஸ் பக்கத்துக்குப் போய், மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தைக் கண்டிப்பாகக் குறியிட்டபின், மீதமிருக்கும் அயலாரில் பாதிப் பேரை நிறுத்தி மறுதொடக்கம் செய்யுங்கள். மந்தம் போனால் ஆள் அந்தப் பாதியில் இருக்கிறார், போகாவிட்டால் மறுபாதியில். முப்பத்திரண்டு பேர் இருந்தாலும் ஐந்தே சுற்றில் ஒருவர் மிஞ்சுவார்.

லினக்ஸில் பெரும்பாலான வகைகள், சேவைகளை எழுப்பும் மேற்பார்வையாளராக 2010இல் தொடங்கிய சிஸ்டம்டியைப் பயன்படுத்துகின்றன. 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கட்டளை, எழுந்து நிற்க யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று பட்டியல் தரும். முதலிடத்தில் இருப்பவரைத் தண்டித்துவிடாதீர்கள். பல சேவைகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. நெட்வொர்க் வரும்வரை காத்திருப்பது மட்டுமே வேலையாக உள்ள ஒரு சேவை பல நொடிகளோடு மேலே நிற்கும், ஆனால் அதற்காக வேறு யாரும் காத்திருக்காமலே இருக்கலாம். அதே கருவியின் 'கிரிட்டிகல்-செயின்' தான் உண்மையான தடையைக் காட்டும்.

மேக்கில் 2005 முதல் லான்ச்டி இந்தப் பொறுப்பைப் பார்க்கிறது. அங்கே டாஸ்க் மேனேஜர் போன்ற ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் சில நாட்களில் 'கெர்னல் டாஸ்க்' என்ற பெயர் சிபியுவை வாரி விழுங்குவது போலத் தெரியும். மந்தத்துக்கு அதுதான் காரணம் என்று தோன்றும். உண்மையில் கணினி சூடாகிவிட்டது. மற்ற நிரல்களுக்கு சிபியு கிடைக்காமல் செய்து சூட்டைத் தணிக்கத்தான் அது இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த நேரத்தில் சேவைப் பட்டியலை மூடிவிட்டு, கணினியை மெத்தையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, காற்று போகும் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.